கடி, விடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுக்கப் போவதை நான் நிறுத்திவிட்டேன். வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் பதில் உண்டு, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல. கொக்கியில் தொங்கும் தொடையைக் கடைக்காரர் அறுத்துத் திருப்பிப்போடும்போது, சதைக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கொழுப்பைப் பார்த்தால் எனக்கு என் மகளின் கன்னம் ஞாபகம் வருகிறது. பெற்ற பெண்ணின் கன்னத்தைக் கறிக்கடையில் நின்று நினைத்துப் பார்க்கிற அப்பனை என்னவென்று சொல்வது? எனக்கே குமட்டுகிறது.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்லூரி முடித்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய வீட்டின் மாடி அறைதான் அவளுக்கு ஆபீஸ். எனக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. நடக்கிற தூரம்தான் என்பதால் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் ஹெட்செட்டைக் கழற்றாமலே இறங்கி வருவாள். தட்டை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பேசுகிறவர்களுக்கு ‘ஓகே, ஓகே’ என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். அப்படி ஒரு மதியம்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். அவள் ஒவ்வொரு வாய் மெல்லும்போதும் காதுக்குக் கீழே ‘டக்’ என்றது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விரலில் சொடுக்கு எடுப்பதுபோல.

“மெதுவா மென்னு சாப்பிடும்மா” என்றேன்.

“மெதுவாத்தாம்ப்பா மெல்றேன். அது தானா வருது.”

உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் எனக்கு அருவருப்பாக இருந்தது. சோறும் எச்சிலும் எலும்பும் ஒன்றாக அரைபடுவதைக் காதால் பார்ப்பதுபோல இருந்தது. ரசத்தை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். பிறகு வலது கன்னம் உப்பத் தொடங்கியது. தாடை வளைகிற இடத்தில், ஒரு பெரிய நெல்லிக்காயை உள்ளே அடக்கி வைத்திருப்பதுபோல. என் மனைவி கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். ஒரு காலை கொட்டாவி விடப் போனவளின் வாய் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் திறக்கவில்லை. இட்லியைப் பிய்த்து, தட்டையாக நசுக்கி, பல் இடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள். அம்மாவும் மகளும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆபீஸில் எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் புகையிலையைக் கன்னத்தில் அடக்கியே காலம் கழித்தவர். அவருக்கும் முதலில் இப்படித்தான் உப்பியது. வாய் திறக்கவில்லை. கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது, அவர் குடித்த மோர் கன்னத்தில் இருந்த துளை வழியாகக் கழுத்தில் வழிந்தது. அவர் மனைவி ஒரு துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே என்னிடம் பையனின் படிப்பைப் பற்றிப் பேசினார். அந்த வாடை என் சட்டையை விட்டுப் போகவில்லை என்று சட்டையையே தூக்கிப் போட்டேன். என் மகள் புகையிலையை மோந்துகூடப் பார்த்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அந்த மோர்தான் என் கண்முன்னே வழிந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். அவளுடைய விரல்களையே ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னார். மூன்று விரல் போக வேண்டுமாம். அவளுக்கு ஒன்றரைகூடப் போகவில்லை. “தாடை மூட்டுலதான் பிரச்சினைன்னு நினைக்கிறேன். ஆனா இந்த வீக்கம் இன்னான்னு எக்ஸ்ரேல தெரியாது. மெல்லுற தசையையும் மூட்டையும் ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்” என்றார்.

ஸ்கேன் சென்டரில் படம் பார்த்துச் சொல்லும் டாக்டரம்மா வேலூரிலிருந்து வருகிறவர். அவர் வந்த நாள் பௌர்ணமியாக அமைந்துவிட்டது. பௌர்ணமி அன்று ஊருக்குள் ஒரு வேலையையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை அவர் வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது. ஆட்டோ பாதி வழியில் இறக்கிவிட்டது. கிரிவலம் வந்த கூட்டத்துக்கு எதிர்த்திசையில், துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டு அவள் முன்னால் போக, நான் பின்னால் போனேன்.

முதலில் வயிற்றுக்குப் பார்ப்பார்களே, அந்த ஸ்கேன். கன்னத்தில் ஜெல்லைப் பிதுக்கினார்கள். மூக்குச் சளி மாதிரி அது காது மடலுக்குள் இறங்கியது. டாக்டரம்மா கருவியைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார்.

“பல்லை நல்லா இறுக்கிக் கடிம்மா. கடி. ம்… விடு. மறுபடி கடி. விடு.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பும் சாம்பலுமாக, நார் நாராக ஒரு பட்டை. ‘கடி’ என்றதும் அது பருத்துத் திரண்டு எழுந்தது. எலியை விழுங்கிய பாம்பின் நடு உடம்பு மாதிரி. ‘விடு’ என்றதும் படுத்துக்கொண்டது. கடி, எழுந்தது. விடு, படுத்தது. என் மகளின் முகத்துக்குள் என் மகளுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்று தோன்றியது.

“இதுதான் மெல்லுற தசை. ரைட் சைடு எவ்ளோ தடிப்பா இருக்கு பாருங்க, லெஃப்ட் கம்மிதான்” என்றார் டாக்டரம்மா.

“கட்டியா டாக்டர்?”

“உள்ளயும் பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

பிறகு பெரிய மிஷின். அவளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் வயதுக்காரர். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் முட்டை பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிஷின் கட்டடமே இடிவதுபோலச் சத்தம் போட, திரையில் படங்கள் வந்தன. தலையைத் தேங்காய்ச் சில்லுபோல மெல்லிசாகச் சீவி அடுக்கியதுபோல ஒன்றன்பின் ஒன்றாக. கண் விழிகள் இரண்டு உருண்டையாக. மூக்குக்குள் குகை. நடுவில் தடிமனாக நாக்கு. இரண்டு பக்கமும் சதை. சதைக்கும் தோலுக்கும் நடுவில் பளீரென்று வெள்ளை.

“இது நாக்கு சார். இது கன்னத்துக் கொழுப்பு. இதான் மெல்லுற தசை. இது உள்பக்கத்துத் தசை, வாயைத் தொறக்கிறதுக்கு” என்று அவர் வாயில் பப்ஸோடு சொன்னார். முட்டையின் மஞ்சள் அவர் கீழுதட்டில் ஒட்டியிருந்தது. பப்ஸ் தூள் கீபோர்டில் உதிர்ந்தது. திரையில் இருந்த அதே தசை அவர் கன்னத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாதீங்க சார். எல்லாருக்கும் உள்ள இப்படித்தான்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அதைவிட மோசமான ஒன்றை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

வாயைத் திறந்தபடியும் படம் வேண்டுமாம். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சைப் பல்லுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன.

முடிவுக்குக் காத்திருந்தபோது மூச்சு முட்டுகிறது என்று நான் தெருவுக்கு வந்தேன். அங்கே அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. தொன்னையில் சாம்பார் சாதம் வாங்கி, நின்றபடியும் நடந்தபடியும் ஊரே தின்றுகொண்டிருந்தது. எனக்கு முகங்கள் தெரியவில்லை. காதோரத்தில், கன்னப்பொறியில், தாடையில் ஏறி இறங்கும் சதைகள்தான் தெரிந்தன. பக்திப் பழமாக நெற்றி நிறைய விபூதி பூசியவர், குழந்தையை இடுப்பில் வைத்தவள், போலீஸ்காரர் எல்லோரும் அரைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடை ஓரமாகப் போய் எச்சில் துப்பினேன். துப்பத் துப்ப ஊறியது.

“கட்டி எதுவும் இல்ல” என்றார் டாக்டரம்மா. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. “மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். அது முன்னால நழுவிடுச்சு. அதான் தொறக்க முடியல. தசை தடிச்சிருக்கிறது, ராத்திரி பகல்னு பல்லைக் கடிச்சிக்கினே இருக்கிறதால. அதுக்கு எக்சர்சைஸ் பண்ற மாதிரி ஆயிடுச்சு. வாய் மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டக் கூடாதும்மா. ஞாபகம் வர்றப்பல்லாம் விட்டுடணும். அப்படி இன்னாத்ததான் கடிச்சிக்கினு இருக்கே நீ?”

“வேலையைத்தான் டாக்டர்” என்றாள் என் மகள், பல் இடுக்கால்.

பல் டாக்டர் இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பல் உறை செய்து கொடுத்தார். குழைந்த சோறு, கஞ்சி, பயிற்சி என்று சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், ஆனால் கவலையும் கோபமும் கூடினால் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்றார். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ந்தேன்தான். ஆனால் அந்த ஞாயிறு வாங்கி வந்த கறியைத் தட்டில் பார்த்ததும் எழுந்து கொல்லைக்கு ஓடினேன்.

என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“பெத்த பொண்ணைப் பாத்து உங்களுக்குக் குமட்டுதா?” என்றாள்.

“அவளைப் பாத்து இல்ல. அந்தப் படத்தைப் பாத்து.”

“அந்தப் படம் யாரு, பக்கத்து வூட்டுக்காரியா?”

சொம்பை வாங்கி வாய் கொப்பளித்தேன்.

இதற்கிடையில் ஒரு வரன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவியின் தம்பி கொண்டுவந்த இடம். கீழ்பென்னாத்தூர் பக்கம், நிலமுள்ள குடும்பம், பையனுக்குப் பெங்களூரில் வேலை. மகளும் ‘பாக்கலாம்’ என்றிருந்தாள். கன்னம் சரியாகட்டும், பிறகு வரச் சொல்லலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டால் எங்கள் பக்கத்தில் சந்தேகம் வந்துவிடும். பெண்ணுக்கு ஏதோ வியாதி, மறைக்கிறார்கள் என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ‘மறைச்சுக் கட்டிவச்சிட்டாங்க’ என்று பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன கதைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அந்தப் பயத்தில் மச்சான் ஒரு காரியம் செய்தார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், மேசைமேல் இருந்த ஸ்கேன் ஃபிலிமைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து செல்போனில் படம் எடுத்து, அவர்களுக்கு அனுப்பிவிட்டார்.

“கட்டி இல்லன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்குது, அதையும் சேத்துத்தான் அனுப்பினேன் மாமா. நாம மறைக்கலன்னு அவுங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும் பாருங்க” என்றார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்போல இதுவும் ஒன்று என்று அவர் உண்மையிலேயே நம்பினார். அவர்மேல் எனக்குக் கத்தக்கூட வரவில்லை.

படம் அங்கே நிற்கவில்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கம்பவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவர்கள் குடும்ப குரூப்புக்குப் போய், யார் யார் கையிலோ சுற்றி, கடைசியில் என் மனைவியின் சித்தி மகளின் போனுக்கு வந்து, அவள் மூலமாக எங்களுக்கே திரும்பி வந்தது. என் மகளின் தலை. பின்னால் எங்கள் ஜன்னல் கம்பி, கொடியில் காயும் என் பனியன். வலது கன்னத்துச் சதையைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘இது இன்னா, ஆட்டுத்தலையா?’ வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

நான் கறிக்கடையில் நினைத்த அதே நினைப்பு. என் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டு உள்ளே வைத்திருந்ததை, முகம் தெரியாத ஒருவன் சிரித்துக்கொண்டே எழுதியிருந்தான். அந்த நிமிடம் போனைப் பிடித்திருந்த என் விரல்கள்கூட எனக்கு அருவருப்பாக இருந்தன. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். மகள்தான் தடுத்தாள். “வரட்டும்ப்பா. படத்தைப் பாத்தவங்க ஆளையும் பாத்துட்டுப் போகட்டும்.”

வேனில் வந்தார்கள். பையன், அவன் அப்பா அம்மா, தாய்மாமன், இன்னும் சில பெண்கள். பையன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்தான். தாய்மாமன்தான் பேசினார். பெரிய உருவம், பெரிய கை. ஒரு பை வேர்க்கடலையை என் காலடியில் வைத்தார்.

“எங்க நெலத்து மல்லாட்டை. வறுத்துத் தின்னு பாருங்க, விடவே மாட்டீங்க. அட, பொண்ணால மெல்ல முடியாதில்ல!” என்று சொல்லி அவரே சிரித்தார். வேனில் வந்தவர்களும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்துவைத்தார்.

என் மனைவி கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். தாய்மாமன் வாழைக்காய் பஜ்ஜியைச் சட்னியில் முக்கி முழுதாக வாய்க்குள் அடைத்தார். மென்றுகொண்டே பேசினார். பச்சைச் சட்னி உதட்டோரத்தில் நின்றது. நான் சுவரைப் பார்த்தேன். மகள் வந்து வணக்கம் சொல்லி, என் எதிரே உட்கார்ந்தாள்.

பையனின் அம்மா அவள் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “தூக்கத்துல பல்லு கடிப்பியாமே?”

“டாக்டர் அப்படித்தாங்க சொன்னாங்க.”

“எங்க பக்கத்துல அது வூட்டுக்கு ஆவாதுன்னுவாங்க. பாத்துக்கோ.” அறிவுரை மாதிரி, அன்பாகவே சொன்னார்.

“அதெல்லாம் வுடுக்கா” என்றார் தாய்மாமன். “இன்னா இருந்தாலும் நேர்ல பாத்துட்டாப் போச்சு. எங்க, வாயைத் தொறம்மா பாக்கலாம். மூணு வெரல் போவணுமாம், நெட்டுல போட்டிருக்கான்.” சொல்லிவிட்டு, எண்ணெய் மினுக்கும் தன் வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, அவள் முகத்துக்கு முன்னால் நீட்டிக் காட்டினார்.

என் அப்பா விவசாயி. தீபத்துக்கு நடக்கும் மாட்டுச் சந்தைக்குச் சின்ன வயதில் அவரோடு போயிருக்கிறேன். தரகர் காளையின் உதட்டை இப்படித்தான் விரலால் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். காளை தலையை உதறும். என் மகள் உதறவில்லை. அசையாமல், புன்னகைகூட மாறாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது அடக்கமாகத் தெரிந்திருக்கும்.

எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்தது. தாடை வளைகிற இடத்தில் அந்தத் திரட்சி மெல்ல எழுந்தது. கன்னப்பொறியில் இன்னொன்று எழுந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அதன் நிறம், நார், அது படுத்திருக்கும்போது எப்படி இருக்கும், எழும்போது எப்படி இருக்கும் என்று திரையில் பார்த்திருக்கிறேன். அவள் கடித்துக்கொண்டிருந்தாள். பூட்டு விழுந்துவிடும் அளவுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அந்த மாடி அறையில் யார் யார் பேச்சைக் கேட்டு, எத்தனை முறை இப்படிக் கடித்திருப்பாள்? நாங்கள் அதைச் சமர்த்து என்று நினைத்திருந்தோம்.

“விடும்மா” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

“பல்லை விடு.”

பிறகு அது இறங்கியது. முதலில் கன்னப்பொறியில், அப்புறம் தாடையில். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

“கைய எடுங்க” என்றேன் தாய்மாமனிடம்.

“இன்னா சம்மந்தி, ஒரு தமாசுக்கு…”

“நான் உங்களுக்குச் சம்மந்தி இல்லீங்க. கிளம்புங்க.”

வீரமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். குரல் உடைந்து, கடைசி வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. பையன் முதல்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான், யார் பேசியது என்று தெரியாதவன்போல. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். “பொண்ணுக்கு வாய் தொறக்காது, அப்பனுக்கு நல்லாத்தான் தொறக்குது” என்று ஒருத்தி வாசலில் சொன்னது காதில் விழுந்தது. தாய்மாமன் எழுந்தவர், தட்டிலிருந்து இன்னொரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வேன் கிளம்பியதும் மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “இன்னா மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? நாளைக்கு ஊர்ல இன்னா பேசுவாங்க?”

“ஏற்கெனவே படம் போட்டுப் பேசிட்டாங்க” என்றாள் என் மனைவி. தம்பியிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் காபி குடிக்காமலே போய்விட்டார்.

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன். ஒன்றில் பாதி கடித்த பஜ்ஜி கிடந்தது. மாவின் மேல் பல் பதிந்த வரிசை, எச்சிலின் பளபளப்பு, உள்ளே சாம்பல் நிறத்தில் வெந்த வாழைக்காய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

பின்னால் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரித்தால் வலிக்கும் என்பதால் இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள். “ஏம்ப்பா, அவங்கள வெரட்டிட்டு வாந்தி நீங்க எடுக்கிறீங்க?”

அந்தப் படம் இன்னும் எத்தனை போனில் இருக்கிறதோ தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் நானும் எட்டிப் பார்க்கிறேன். அவளுக்கு இப்போது இரண்டு விரல் போகிறது. அவளுடைய விரல். ‘டக்’ இன்னும் இருக்கிறது.

அவர்கள் விட்டுப்போன பையைத் தெருவில் கொட்டச் சொன்னேன். என் மனைவி கேட்கவில்லை. மல்லாட்டையை உரித்து, வேகவைத்து, சட்னியாக அரைத்துவிட்டாள். மாவு மாதிரி இருந்தது. என்னால் அதைத் தொட முடியவில்லை. மகள் இட்லியை அதில் தோய்த்து, சின்னச் சின்னதாக வாயில் வைத்து மென்றாள். நான் எதிரே உட்கார்ந்து, அவள் கன்னத்தில் அது எழுவதையும் படுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். குமட்டல் வந்தது. எழுந்து போகவில்லை.